பால் சங்கத்தில் பேர் கூப்பிட்டவள்

பேர் கூப்பிடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்களை எங்கள் பால் சங்கத்துக் கூட்டத்துக்கு ஒரு தடவை கூட்டிவந்து நிறுத்த வேண்டும். பெஞ்சில் ஏழு டைரக்டர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஏழு பேரும் ஆம்பளைகள். அவர்கள் முன்னால் நின்று, தலையை நிமிர்த்தாமல், ஆனால் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு பேராகச் சொல்லி, 'வேணுமா, வேணாமா' என்று கேட்க வேண்டும். உங்களில் யாராவது மாதர் சங்கத்திலோ கூட்டுறவுக் கடையிலோ இந்த வேலையில் மாட்டியிருந்தால், அந்த நேரத்தில் நாக்கு எப்படி மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊரிலிருந்து கடம்பத்தூர் ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். விடிகிற நேரத்துக்கு ஊர்ப் பாலெல்லாம் சங்கத்துக்கு வந்துவிடும். அளந்து, கேனில் ஊற்றி, மாட்டு வண்டியில் ஏற்றி, பட்டணம் போகிற ரயிலுக்கு அனுப்புவோம். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து குண்டு குண்டாக இருக்கும். செக்ரட்டரி துரைசாமி அய்யாவுக்கு இழுப்பு வியாதி; எழுதுவார், கணக்குப் போடுவார், உரக்கப் பேசினால் மூச்சு வாங்கிவிடும். அதனால் காலையில் பால் அளவு எழுதவும், கூட்ட நாளில் பேர் கூப்பிடவும் என்னை வைத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் சங்கத்தில் கடைசியாகச் சேர்ந்த டைரக்டர். அவர் கண் முன்னால்தானே வேலை என்று என் மாமியாரும் சரி சொல்லிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் பேர் கூப்பிட்டு ஓட்டு எடுப்பது கிடையாது. தலைவர் "சரிதானே?" என்பார். நாலு பேர் "சரி" என்றால் தீர்மானம் ஆகிவிடும். யாரும் வாயைத் திறக்காவிட்டால், "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்று தள்ளிவைப்பார். டைரக்டரில் ஒருவர் எழுந்து நின்று "பேர் பேரா கேளுங்க" என்று சொன்னால்தான் கேட்க வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் கேட்டே ஆக வேண்டும். இந்த விதியினால்தான், கன்னியம்மா என்கிற ஒற்றை எருமைக்காரி எங்கள் சங்கத்தில் இருப்பதா போவதா என்பது என் வாயால் கேட்கிற கேள்வி ஆனது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். முதலிலிருந்து வந்தால்தான் விளங்கும்.

ஏழு பேருக்கு எட்டுக் கை

நான் சேர்ந்த புதிதில், புதுக் கேன் வாங்குவதா, பழைய கேனுக்கே ஈயம் பூசுவதா என்று ஒரு பேச்சு வந்தது. தலைவர் தணிகாசலம் அய்யா கை தூக்கச் சொன்னார். ஊர் நிலத்தில் பாதி அவருடையது. அவருடைய பங்காளிகள் இரண்டு பேரும் டைரக்டர்கள். அவர் கையைத் தூக்குவதற்கு முன்பே அவர்கள் கை மேலே போய்விடும். நான் எண்ணினேன். புதுக் கேனுக்கு நாலு கை. ஈயத்துக்கும் நாலு கை. ஏழு பேர் இருக்கிற இடத்தில் எட்டுக் கை எப்படி வரும்? எனக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களே. இன்னொரு தடவை எண்ணினேன். அப்போதும் எட்டுதான்.

முனுசாமி மாமா எழுந்து நின்றார். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக, தண்டவாளம் மாற்றிக் கொடி காட்டுகிற வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் ரூல் பிரகாரம் செய்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். "பேர் பேரா கேளுங்க தலைவரே" என்றார். அதுதான் நான் கேட்ட முதல் ஓட்டு. ஏழுமலை அண்ணன் பேர் வந்ததும் விஷயம் வெளியாகிவிட்டது. புதுக் கேன் கேட்ட கிழக்குத் தெருவும் வேண்டும், ஈயம் கேட்ட மேற்குத் தெருவும் வேண்டும் என்று இரண்டுக்கும் கை தூக்கியவர் அவர்தான். என்னைப் பார்த்து அலுத்துக்கொண்டார்: "கை ரெண்டு கீது, அந்தாண்ட ஒண்ணு இந்தாண்ட ஒண்ணு தூக்கிக்கினேன். வாயக் கேட்டா நான் எங்கம்மா போறது, அது ஒண்ணுதானே கீது?"

தூளியிலிருந்து வந்த சம்மதம்

கூட்டம் நடக்கிற அறையின் மூலையில் என் குழந்தை லட்சுமிக்குத் தூளி கட்டியிருப்பேன். ஒரு நாள் பால் ஊற்றுகிற நேரத்தை இன்னும் முன்னால் தள்ள வேண்டும் என்று தலைவர் சொன்னார். குளிர் காலம். யாருக்கும் இஷ்டமில்லை. அவரிடம் முடியாது என்று சொல்லவும் தைரியமில்லை. "சரிதானே?" என்று கேட்டார். அறையில் ஒரு சத்தம் இல்லை. அந்த நேரம் பார்த்துத் தூளியிலிருந்து லட்சுமி 'ஆ' என்று கத்தினாள். "சரி, தீர்மானம் பாஸு" என்றுவிட்டார் தலைவர்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அப்போது ஜன்னலுக்கு வெளியே இருந்து இரண்டு கை நீண்டது. "இங்க குடு தங்கச்சி, நான் வச்சிக்கினு இருக்கறேன்." அதுதான் கன்னியம்மா அக்கா. புருஷன் இல்லாதவள். பெண் ஒன்று, பையன் ஒன்று, எருமை ஒன்று. சொந்தப் பேரில் பால் ஊற்றுகிற பொம்பளை மெம்பர்கள் எங்கள் சங்கத்தில் மிகக் கொஞ்சம். அதில் அவள் ஒருத்தி. சங்கத்துக்குப் பின்பக்கம் புல் அறுக்க வருவாள். கூட்டம் நடந்தால் ஜன்னலோரம் நின்றுகொண்டு கேட்பாள். கம்பி இல்லாத ஜன்னல். குழந்தையை அது வழியாகக் கொடுத்தேன். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம், கூட்டம் என்றால் லட்சுமி அவள் இடுப்பில்தான். நான் குழந்தையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் முனுசாமி மாமா எழுந்துவிட்டிருந்தார்: "தலைவரே, அது பால் குடிக்கிற மெம்பரு. பால் ஊத்தற மெம்பருங்கள பேர் பேரா கேளுங்க."

லட்சுமி நைனா

பேர்ப் பட்டியலில் கடைசிப் பேர் என் வீட்டுக்காரர் பேர். அதை எப்படிச் சொல்வேன்? கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நான் மருமகளாக வந்த அன்றைக்கே என் மாமியார் சொல்லிவைத்திருந்தார். முதல் ஓட்டின்போது ஆறு பேரைக் கூப்பிட்டுவிட்டு நின்றுவிட்டேன். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். அவர் தரையைப் பார்க்கிறார், காது சிவந்துபோய். "இன்னாம்மா, கடசி ஆளு இன்னும் பொறக்கலையா?" என்று ஏழுமலை அண்ணன் கேட்டார். கடைசியில் "லட்சுமி நைனா" என்றேன். பெஞ்சே குலுங்கிக்கொண்டு சிரித்தது. அப்புறம் எல்லாக் கூட்டத்திலும் அதுவே பழகிவிட்டது. செக்ரட்டரி அய்யா காதில் விழுந்ததை எழுதுகிறவர். 'லட்சுமி நைனா, சரி' என்று மினிட்ஸ் புத்தகத்திலும் எழுதிக்கொண்டே போய்விட்டார்.

திருவள்ளூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து புத்தகத்தைப் புரட்டியபோதுதான் வம்பு வந்தது. "யார் இந்த லட்சுமி நைனா? இப்படி ஒரு டைரக்டரே கிடையாதே!" என்று கேட்டுவிட்டு, ஒரு தீர்மானத்தைத் திரும்பவும் ஓட்டுக்கு விடச் சொன்னார். போகும்போது என்னிடம் கோபிக்காமல், "வீட்டில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடும்மா. ஓட்டு என்றால் ஆளுடைய பேர் காதில் விழ வேண்டும்" என்றார். அதற்கப்புறம் ஆறு பேரை நான் கூப்பிடுவேன். ஏழாவது பேரைச் செக்ரட்டரி அய்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவார். இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா அக்கா, குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும்போது சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நான் ஒரு நாளும் எங்க ஊட்டு ஆளு பேரச் சொன்னதில்ல தங்கச்சி. அப்பவும் பூட்டாரு."

காதர் பாய் நடுவில் நிற்கிறார்

காதர் பாய் பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் தவிடு, பிண்ணாக்குக் கடை வைத்திருப்பவர். இரண்டு எருமையும் உண்டு, அதனால் டைரக்டர். கை தூக்கச் சொன்னால் கூட்டத்தோடு தூக்கிவிடுவார்; பேர் சொல்லி எந்த ஓட்டுக்குக் கூப்பிட்டாலும் "நான் நடுவுலம்மா" என்பார். அதைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் எழுதியதில்லை. சங்கத்துக்குப் பொலிகாளை வந்தபோது அதைக் கிழக்குத் தெருவில் கட்டுவதா, மேற்குத் தெருவில் கட்டுவதா என்று அடிதடி ஆகிற நிலைமை. மூன்று பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் இந்தப் பக்கம். மிச்சம் பாய் ஒருவர்தான்.

"பாய், நீங்க ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிடும்" என்று முனுசாமி மாமா கெஞ்சினார். பாய் தாடியைத் தடவிக்கொண்டார். காளை வெளியே நின்று கத்துகிறது. நான் மூன்றாவது தடவையாகப் பேரைச் சொன்னேன். சமமாக நின்றால் தலைவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஜெயித்த மாதிரி; அதுவும் விதிதான். காளை மேற்குத் தெருவுக்குப் போயிற்று, தலைவர் வீடு இருக்கிற தெரு. எல்லோரும் கலைந்தபிறகு பாய் என்னிடம் வந்து ரகசியம் மாதிரிச் சொன்னார்: "ரெண்டு தெருவும் என் கடையிலதாம்மா பிண்ணாக்கு வாங்குது. காளை எங்கனா நிக்கட்டும், எனக்கு நடுவுல நின்னாத்தான் காலையில நாஷ்டா."

திரும்பி வந்த கேன்

அந்த வருஷம் மழை விட்ட சமயம். பட்டணத்துக்குப் போன கேன்களில் ஒன்று, பாலில் தண்ணீர் என்று திரும்பி வந்துவிட்டது. எங்கள் சங்கத்துக்கு அது பெரிய அவமானம். மறுநாளிலிருந்து செக்ரட்டரி அய்யா ஒவ்வொருவர் பாலிலும், பாலைச் சோதிக்கிற கண்ணாடிக் குழாயைப் போட்டுப் பார்த்தார்; கண்ணாடி என்றுதான் சொல்வோம். நல்ல பாலில் அந்தக் கண்ணாடி நிமிர்ந்து மிதக்கும். தண்ணீர் கலந்திருந்தால் கீழே இறங்கும். பலபேர் பாலில் கொஞ்சம் கொஞ்சம் இறங்கியது. கன்னியம்மா அக்கா பாலில் நன்றாகவே இறங்கியது. தலைவர் வீட்டுப் பாலில் மட்டும் கண்ணாடி போடுவதில்லை. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். அவர் பண்ணையாள் கொண்டுவந்து நேராகக் கேனில் ஊற்றிவிட்டுப் போவான். யாரும் தப்பாக நினைத்ததில்லை. அவர் வீட்டுப் பாலில் கண்ணாடி போடலாம் என்பதே யாருக்கும் தோன்றியதில்லை.

கன்னியம்மா அக்கா மறைக்கவில்லை. பையனுக்கு ஜுரம், ஒரு செம்புப் பாலை வீட்டில் நிறுத்திக்கொண்டு, குறைந்ததைத் தண்ணீரால் நிரப்பினேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் நாலோடு ஐந்தாகப் போயிருக்கும். ஒத்துக்கொண்டது ஒரே ஒருத்தி என்பதால் திரும்பி வந்த கேன் மொத்தமும் அவள் தலையில் விழுந்தது. அவளை மெம்பரிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார் தலைவர். சங்கம் எடுத்துக்கொள்ளாவிட்டால் அவள் பாலை வாங்க ஊரில் ஆள் கிடையாது. எல்லார் வீட்டிலும் மாடு இருக்கிறது. அந்த ஒரு எருமையை வைத்துத்தான் மூன்று வயிறு. அவள் காலியான செம்பைக் கவிழ்த்துக் காட்டிக் கேட்டாள்: "நான் ஊத்துன தண்ணி ஒரு செம்பு. மீதி தண்ணி யாருதுன்னு கேன்ல பேரா எழுதிக்கீது?"

தள்ளிவைத்த கூட்டம்

முதல் கூட்டத்தில் தலைவர் "நீக்கிடலாம், சரிதானே?" என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. பங்காளிகள்கூட மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் வீட்டுச் செம்பு அவரவருக்குத் தெரியுமே. "சரி, அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்றார் தலைவர். அடுத்த கூட்டத்திலும் அதே மௌனம், அதே தள்ளிவைப்பு. இடையில் கன்னியம்மா அக்கா தினமும் பால் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். ஒரே ஒரு வித்தியாசம், அவள் பாலை மட்டும் தனிக் கேனில் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்கிறவர்கள் அந்தக் கேனைப் பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பார்கள். அவள் எதையும் பார்க்காமல் ஊற்றிவிட்டுப் போவாள். கண்ணாடியும் அப்புறம் அவள் பாலில் நிமிர்ந்துதான் நின்றது.

இந்தத் தனிக் கேனை முனுசாமி மாமாவால் தாங்க முடியவில்லை. "குத்தம்னா குத்தம்னு சொல்லணும், இல்லன்னா இல்லன்னு சொல்லணும். இது இன்னா, வண்டிய நடு லைன்ல நிறுத்தி வச்சிக்கினு?" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். இப்படியே தள்ளிப்போக விட்டுவிடுவதுதான் நல்லது என்று நான் நினைத்தேன். ஆனால் ஒரு பெரியவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு நாள் காலையில் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, சந்தோஷமாகச் சொன்னார்: "என்னோட சேத்து நாலு பேரு நம்ப பக்கம் தாயி, தனித்தனியா கேட்டுட்டேன். ஒருத்தனுக்கும் அவ பேருக்கு நேரா நின்னு நீக்குன்னு சொல்ல மூஞ்சி கிடையாது."

ஏழாவது பேர்

அந்த நாலு பேரில் என் வீட்டுக்காரரும் ஒருவர். கூட்டத்தன்று காலையில் அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லமே. யாரும் சொல்லப் போறதில்ல. தானா தள்ளிப் பூடும்." தலைவர் நிலத்தைத்தான் நாங்கள் வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு கொடுத்து, பயிரிடுகிறோம். அந்தச் சமயம் நாற்று விட்டு, பிடுங்கி நடுகிற பக்குவத்தில் இருந்தது. செக்ரட்டரி அய்யா இழுப்பு அதிகமாகித் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். எழுதவும் கூப்பிடவும் நான் ஒருத்திதான். லட்சுமியை ஜன்னல் வழியாகக் கன்னியம்மா அக்காவிடம் கொடுத்தேன். தலைவர் வழக்கம்போல "நீக்கிடலாம், சரிதானே?" என்றார். வழக்கம்போல ஒரு சத்தமும் இல்லை. அவர் "அடுத்த" என்று ஆரம்பிப்பதற்குள் முனுசாமி மாமா எழுந்துவிட்டார். "பேர் பேரா கேளுங்க."

நான் கேட்டேன். தலைவர், "நீக்கலாம்." பங்காளிகள் இருவரும், "நீக்கலாம்", "நீக்கலாம்." முனுசாமி மாமா, "கூடாது, இருக்கட்டும்." ஏழுமலை அண்ணன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "இருந்துட்டுப் போட்டும்" என்றார். காதர் பாய் பேரைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவவில்லை. ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "இருக்கட்டும்மா" என்றார். நடுவில் நிற்கிற மனுஷர் அன்றைக்கு ஒரு நாள் ஒரு பக்கம் வந்தார். பெஞ்சே அவரைத் திரும்பிப் பார்த்தது. மூன்றுக்கு மூன்று. மிச்சம் ஏழாவது பேர். நான் நின்றுவிட்டேன். தலைவர் ரொம்ப அன்பாகச் சொன்னார்: "கஷ்டமா இருந்தா விட்டுடும்மா. சமமா நின்னா நான் சொல்றதுதானே? முடிச்சிக்கலாம்."

விட்டுவிட்டால் அக்கா போய்விடுவாள். இன்னும் ஒரு வாய் 'இருக்கட்டும்' என்றால் சங்கத்திலேயே இருந்துவிடுவாள். அந்த ஒரு வாய் எங்கள் வீட்டு வாய். எனக்கு என் மாமியார் முகம் ஞாபகம் வந்தது, ஆயுசு ஞாபகம் வந்தது. ஜன்னலில் லட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தலையை நிமிர்த்தி, என் வீட்டுக்காரர் பேரை, அப்பா பேரின் முதல் எழுத்தோடு சேர்த்து, உரக்கச் சொன்னேன். அந்தப் பேரை இங்கே எழுதப்போவதில்லை, ஒரு தடவை சொன்னது போதும். அவர் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. தலைவரைப் பார்த்தார். தலைவர் அவரைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்து வாசல் வழியாக வெளியே, பச்சையாக நிற்கிற எங்கள் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் சொன்னார்: "நீக்கிடலாம்."

ஜன்னலோரம்

கூட்டம் கலைந்ததும் குழந்தையை வாங்கப் போனேன். கன்னியம்மா அக்கா அழவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லட்சுமியின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்து, என் கையில் கொடுத்தாள். நான் "யக்கா" என்றேன். அவள் அரிவாளையும் புல் கட்டையும் எடுத்துக்கொண்டாள். புதுவாயலில் அவள் அண்ணன் ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறான். எருமையை விற்றுவிட்டு, பிள்ளைகளோடு அங்கே பாத்திரம் கழுவப் போய்விட்டாள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். போகிறதற்கு முன்னால் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "உன் கொரலு இன்னிக்கி நல்லா கேட்டுச்சு தங்கச்சி. இன்னும் கொஞ்சம் மெல்ல கூப்ட்டிருந்தா உன் ஊட்டுக்காரரு கேக்காத மாரி உக்காந்திருந்திருப்பாரு."

கொடி காட்டியவர்

முனுசாமி மாமா மறுநாள் பால் ஊற்ற வரவில்லை. வீட்டு ஆளை அனுப்பினார். அதற்கும் மறுநாள் வந்தார். தனிக் கேன் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டம் நடந்தது, அவர் ஒரு தடவையும் "பேர் பேரா கேளுங்க" என்று எழுந்திருக்கவில்லை. தலைவர் "சரிதானே" என்றால் அவரும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காதர் பாயும் பழையபடி நடுவுக்குப் போய்விட்டார். ஆனால் அந்தக் காலையில் மாமா என் மேஜைக்கு முன்னால் நின்று, நான் கேட்காமலே சொன்னார்: "நான் கொடி காட்டாத வரிக்கும் வண்டி சும்மாதான் நின்னுகினு இருந்துச்சு தாயி. முப்பது வருசம் பார்த்துப் பார்த்துக் காட்டுன கை, அன்னிக்கி லைன்ல ஆளு நிக்கறதப் பாக்காம காட்டிடுச்சு."

எங்கள் வீட்டில்

பேரைச் சொன்னது என் மாமியார் காதுக்குப் போக நேரம் ஆகவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. மகனுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு, அவர் கையில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்று நட்டோம், அறுத்தோம். நெல் நன்றாகத்தான் விளைந்தது. ஆனால் அவர் காலையில் சங்கத்துப் பக்கம் வருவது நின்றுவிட்டது. பாலை என்னிடமே கொடுத்து அனுப்பினார். தலைவர் வந்தால் எழுந்து நிற்பார்; முன்னைவிடச் சீக்கிரமாக எழுந்து நிற்பார். நான் அதைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வியை அன்றைக்கே கேட்டுவிட்டேனே.

ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். லட்சுமி அப்போது தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தாள். சங்கத்து ஜன்னல் பக்கம் போனால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள், வெளியே யாரும் இல்லை என்று நான் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "வயக்கம்போல என் பேர விட்டுட்டிருக்கலாமே நீ. விட்டிருந்தா தலைவரு நீக்குனதா பூட்டிருக்கும்."

எங்கள் சங்கத்து விதிப் புத்தகத்தில் பேர் கூப்பிட்டு ஓட்டு எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எப்போது எடுக்கக் கூடாது என்று எழுத ஒரு வரி இடம் விட்டிருந்தால் அதை நானே எழுதியிருப்பேன், எழுத்தாவது குண்டு குண்டாக அழகாக இருந்திருக்கும்.